நல்ல சேதி மட்டும்

நவம்பர் 4, திங்கள்

குடியாத்தத்துக் காது டாக்டர் நல்ல மனிதர்தான். ஆனால் வாயைத் திறந்தால் பயமுறுத்துகிறார். தாரணிகாவின் வலது காதில் இத்தனை நாளாக வடிந்தது வெறும் சீழ் இல்லையாம். உள்ளே தோல் ஒரு கட்டி போல வளர்ந்து காது எலும்பை அரித்துக்கொண்டிருக்கிறதாம். சொட்டு மருந்து இனி வேலைக்காகாது, ஆபரேஷன்தான் என்றார். "இப்ப பண்ணா காது தப்பிக்கும். தள்ளிப்போட்டா கேக்காது. ரொம்பத் தள்ளிப்போட்டா மூளைக்கிட்ட போயிடும்மா." இதை அவர் சொல்லும்போது என் ஆறு வயது மகள் அவருடைய சுழல் நாற்காலியில் உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து மாமாவிடம் சொன்னேன். மாமனார் எத்திராஜ் சுபேதாராக ரிட்டயர் ஆனவர். சட்டைக்குக் கஞ்சி போடாமல் ரேஷன் கடைக்குக்கூடப் போக மாட்டார். தனியார் ஆஸ்பத்திரி என்று நான் வாயெடுப்பதற்குள் கையைக் காட்டி நிறுத்தினார். அவர் மகன் நாயக் தணிகைவேல் பனிமலை மேல் காவல் நிற்கும்போது, பேத்தி எதற்கு வெளியில் காசு கட்ட வேண்டும், மிலிட்டரி ஆஸ்பத்திரி எதற்கு இருக்கிறது என்றார். அதுவும் நியாயம்தான். எனக்கும் அதே எண்ணம்தான்.

இன்னொன்றும் சொன்னார். தணிகைக்கு இது தெரியவே கூடாது. மலை மேல் இருக்கிறவனுக்கு நல்ல சேதி மட்டும்தான் போக வேண்டும். இது இந்த வீட்டில் என் கல்யாணத்துக்கு முன்பிருந்தே உள்ள சட்டம். என் மாமியார் புற்றுநோயில் கிடந்தபோதுகூட என் புருஷனுக்குக் கடைசி வாரத்தில்தான் சொன்னார்கள்.

அதனால்தான் இந்த டைரி. போனில் சொல்ல முடியாததை எங்காவது கொட்ட வேண்டுமே.

நவம்பர் 7, வியாழன்

கன்டோன்மென்ட் ஆஸ்பத்திரி. இரண்டு பஸ் மாறி, வாசலில் மூன்று பேரிடம் என் மிலிட்டரி வைத்தியக் கார்டைக் காட்டி உள்ளே போனோம். எங்கும் சுத்தம். மரத்துக்கு மரம் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள். தாரணிகா 'இது பார்க்காம்மா' என்று கேட்டாள்.

கார்டு ஜன்னலில் இருப்பவர் ஹவில்தார் சசிதரன், பாலக்காட்டுக்காரர். கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, என் பேர் இருக்கிறது, குழந்தையின் பேர் இல்லை என்றார். பேர் இல்லாமல் ஓ.பி. சீட்டு கிடையாது. என்னவென்றால், பிள்ளை பிறந்ததும் அப்பன் தன் யூனிட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். அவர்கள் அதை ஓர் ஆர்டராக வெளியிடுவார்கள். பார்ட் டூ ஆர்டர் என்று பெயர். அது வந்தால்தான் பட்டாளத்துக் கணக்கில் அந்தப் பிள்ளை பிறந்ததாக அர்த்தம். இவள் பிறந்தபோது என் புருஷனுடைய யூனிட் இடம் மாறிக்கொண்டிருந்தது. எழுதிக் கொடுத்தேன் என்று அவர் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. காகிதம் எந்த லாரியில் போனதோ. ஆறு வருஷமாக என் பிள்ளை பிறக்கவே இல்லை.

"ஹஸ்பண்டுக்கு ஒரு போன் பண்ணுங்க சிஸ்டர். அவர் அங்க ஒரு அப்ளிகேஷன் எழுதிக் கொடுத்தா ஒரு வாரத்துல ஆர்டர் காப்பி எனக்கு வந்திடும். சின்ன வேலை" என்றார்.

அவருக்குத் தெரியாமல் செய்ய வேறு வழி இல்லையா என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"குழந்தை அவரோடதுன்னு அவர்தானே சொல்லணும்?"

கையிலிருந்த காகிதத்தையெல்லாம் அந்த ஆள் மூஞ்சியில் விட்டெறியலாம் போல இருந்தது. விட்டெறியவில்லை. 'சரிங்க சார்' என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மாமாவிடம் சொன்னபோது, ஜோலார்பேட்டைப் பக்கத்துப் பையன் ஒருவனைப் பற்றிச் சொன்னார். அவருடைய பிளாட்டூனில் இருந்தவன். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று கடிதம் வந்ததாம். மறுநாள் ரோந்தில் யோசனையாகவே நடந்து போய், கால் வைக்கக் கூடாத இடத்தில் வைத்துவிட்டான். "நான்தாம்மா அவனத் தூக்கியாந்தேன்" என்றார்.

நவம்பர் 10, ஞாயிறு

போன் வந்தது. சாட்டிலைட் போனில் அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும். எல்லாரும் நல்லா இருக்கீங்களா என்றார். நல்லா இருக்கோம் என்றேன். பாப்பா என்றார். நல்லா இருக்கா என்றேன். நீங்க என்றேன். நல்லா இருக்கேன் என்றார். லைன் போய்விட்டது.

நவம்பர் 14, வியாழன்

மாமா இன்று பிளேசர் போட்டு, மெடல் குத்திக்கொண்டு, முன்னாள் படைவீரர் ஆபீசுக்குப் போனார். அவருடைய கார்டில் பேத்தியைச் சேர்த்து வைத்தியம் பார்க்க முடியுமா என்று கேட்கத்தான். உட்கார வைத்து டீ கொடுத்திருக்கிறார்கள். சாப், சாப் என்று தாங்கியிருக்கிறார்கள். உங்கள் கார்டில் உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும் மட்டும்தான் உண்டு, பேத்தி வரமாட்டாள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மாமியார் செத்து ஒன்பது வருஷம் ஆகிறது. அவர் இன்றைக்கு எழுந்து வந்தால் வைத்தியம் உண்டு.

வந்து பிளேசரைக் கழற்றி மாட்டிவிட்டு ரசம் மட்டும் போதும் என்றார்.

நவம்பர் 22, வெள்ளி

காதில் நாற்றம் அதிகமாகிவிட்டது. வகுப்பில் இவள் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று ஒரு பெண் சொன்னாளாம். பஞ்சு வாங்க வேண்டும்.

நவம்பர் 27, புதன்

பட்டாளத்தில் அவருடைய கணக்கெல்லாம் வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்கு இரண்டு வாரம் முன்னால் நானே ரிஜிஸ்தர் தபாலில் எழுதிப் போட்டிருந்தேன், பதில் வந்துவிட்டது. சும்மா சொல்லக்கூடாது, மளமளவென்று பதில் போட்டிருக்கிறார்கள். பாதி இந்தி, பாதி இங்கிலீஷ். சாராம்சம் இதுதான்: இன்டிவிஜுவல் தன் யூனிட் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். இன்டிவிஜுவல் என்பது என் புருஷன். அவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பேர் அது.

சுற்றிச் சுற்றி எல்லா வழியும் அந்த மலை உச்சிக்குத்தான் போகிறது. அங்கேதான் நான் போகக் கூடாது.

டிசம்பர் 1, ஞாயிறு

போன் வரவில்லை. பனி அதிகமாக இருக்கும் என்றார் மாமா. துணி துவைத்தேன். ஒன்றும் காயவில்லை.

டிசம்பர் 3, செவ்வாய்

ஆம்பூரிலிருந்து அக்கா போன் செய்தாள். ஷூ கம்பெனியில் போட்டிருந்த சீட்டு முடிந்துவிட்டதாம். எடுத்துக்கொள், வேலூரில் நல்ல ஆஸ்பத்திரியாகப் பார்த்து ஆபரேஷன் பண்ணிவிடு, எப்போது வேண்டுமானாலும் திருப்பிக் கொடு என்றாள். ஆனாலும் வேண்டாம் என்றேன். அவர் அங்கே மூச்சு முட்ட நிற்பதற்குப் பட்டாளம் எங்களுக்குச் செய்ய வேண்டியது இது. பிச்சை கேட்கவில்லை, உரிமையைக் கேட்கிறேன். அதை விட்டுவிட்டு அக்கா காசில் பண்ணினால் அந்த ஜன்னல்காரர் ஜெயித்த மாதிரி ஆகாதா?

"உனக்குப் புள்ள காது முக்கியமா, ரோஷம் முக்கியமாடி?" என்று கேட்டாள்.

அடுப்பில் பருப்பு தீய்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். நிஜமாகவே தீய்ந்துதான் போயிருந்தது.

டிசம்பர் 5, வியாழன்

மாமாவுக்கு ஒரு போன் வந்தது. வழக்கமாகத் தெருவுக்கே கேட்கிற மாதிரி பேசுகிறவர், இன்று கொல்லைப்பக்கம் போய், கொய்யா மரத்தடியில் நின்று பேசினார். திரும்பி வந்தபோது முகம் வெளிறிக் கிடந்தது. யார் என்று கேட்டேன். பழைய சிநேகிதர், உடம்பு சரியில்லையாம் என்றார். சாப்பிடவில்லை. சிநேகிதர்களுக்காக இப்படி உருகுகிறவர் பேத்தி காதுக்கு ஒரு வழி சொல்ல மாட்டேன் என்கிறார்.

டிசம்பர் 8, ஞாயிறு

போன் வந்தது! சாதாரண செல் நம்பரிலிருந்து. குரல் எவ்வளவு தெளிவு. அடுத்த தெருவிலிருந்து பேசுகிற மாதிரி. கீழே இறங்கியிருக்கிறீர்களா என்று கேட்டேன். கொஞ்ச நாளைக்கு வேறு இடத்தில் டியூட்டி, இங்கே டவர் இருக்கிறது என்றார். பின்னால் ஏதோ தள்ளுவண்டி உருளும் சத்தம், தட்டு மோதும் சத்தம், ஒரு பொம்பளை இந்தியில் அதட்டுகிற சத்தம். டி.வி. ஓடுகிறது என்றார். குடுத்து வைத்தவர், அங்கேயும் சீரியல் பார்க்கிறார்.

ரொம்ப நேரம் பேசினார். இத்தனை வருஷத்தில் இவ்வளவு பேசினதில்லை. வீட்டுக்குப் பின்னால் கழிப்பறைக்குப் போகிற படி உயரமாக இருக்கிறதே, அதைச் சரி பண்ண வேண்டும் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கேயோ உட்கார்ந்துகொண்டு கழிப்பறைப் படியைப் பற்றிக் கவலை.

சொல்லிவிடலாமா என்று இரண்டு தடவை நாக்கு நுனி வரை வந்தது. தாரணிகாவிடம் போனைக் கொடுத்தேன். தாத்தா அவள் பக்கத்திலேயே நின்றார். "நல்லா இருக்கேன்ப்பா. நல்லா படிக்கிறேன்ப்பா" என்றாள். சமர்த்து.

டிசம்பர் 11, புதன்

பள்ளிக்கூடத்தில் மிஸ் கூப்பிட்டு அனுப்பினார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லையாம், டிக்டேஷனில் பாதி வார்த்தையை விட்டுவிடுகிறாளாம். வீட்டில் கேட்டேன். பக்கத்துப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தேன், அதான் கவனிக்கவில்லை என்றாள். நாலு போடு போட்டேன். இப்போது நினைத்தால் கை எரிகிறது.

டிசம்பர் 16, திங்கள்

மாமா திடீரென்று திருத்தணிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். எந்த வேண்டுதல் என்று கேட்டால், சும்மாதான் என்கிறார்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, "தணிகைகிட்ட சொல்லிடேம்மா. இப்ப சொன்னா ஒண்ணும் ஆயிடாது" என்றார்.

எனக்கு வந்ததே ஆத்திரம். ஒரு மாதத்துக்கு மேலாக என் வாயைக் கட்டிப் போட்டவரே இவர்தான். ஜோலார்பேட்டைப் பையன் கதையைச் சொல்லி என் தூக்கத்தைக் கெடுத்தவரும் இவர்தான். இப்போது என்ன, போஸ்ட் மாறினால் துப்பாக்கி மாறிவிடுமா? "நீங்கதானே மாமா சொன்னீங்க, கால் வைக்கக் கூடாத எடத்துல வச்சுட்டான்னு? நாளைக்கு அவருக்கு ஒண்ணுன்னா பழி எம்மேலதானே வரும்? உங்க புள்ளைகிட்ட நீங்களும் சொல்லக் கூடாது. இவ மேல சத்தியம் பண்ணுங்க" என்று தாரணிகாவை இழுத்து முன்னால் நிறுத்தினேன்.

நின்றுகொண்டே இருந்தார். பிறகு அவள் தலையில் கை வைத்தார்.

டிசம்பர் 19, வியாழன்

தர்மாஸ்பத்திரி. கூட்டம் அலைமோதுகிறது. ஸ்கேன் எடுத்துவிட்டார்கள். காது ஆபரேஷனுக்குப் பொங்கல் கழித்துத்தான் தேதி. வாங்கி வைத்திருக்கிறேன். அதற்குள் மிலிட்டரி ஆஸ்பத்திரியிலேயே முடிந்துவிடும்.

தாசில்தார் ஆபீசில் குடும்பச் சான்றிதழ் கேட்டு எழுதிக் கொடுத்தேன். தகப்பன் தணிகைவேல், மகள் தாரணிகா என்று அரசாங்க முத்திரையோடு ஒரு காகிதம் வந்தால் சசிதரன் என்ன சொல்வார், பார்க்கிறேன்.

ஜனவரி 2, வியாழன்

சான்றிதழோடு போனேன். புது வருஷமும் அதுவுமாக மனதில் ஒரு தெம்பு. சசிதரன் அதைப் படித்துவிட்டு, எழுந்து அவரே உள்ளே அதிகாரியிடம் எடுத்துப் போனார். திரும்பி வந்தபோது முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. யூனிட் ஆர்டர் இல்லாமல் இது செல்லாது.

"நான் உங்க ஹஸ்பண்ட் யூனிட்டுக்கு நேரா எழுதவா சிஸ்டர்? உங்க சம்மதம் இருந்தா போதும்" என்றார்.

வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன். அவர் வீட்டிலும் அப்படித்தானாம். அவர் லடாக்கில் இருந்தபோது அவருடைய அப்பா செத்ததைப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் சொன்னார்களாம். "அவங்க நல்லதுக்குத்தான் செஞ்சாங்க. இன்னும் என்னால மன்னிக்க முடியல" என்றார்.

சீட்டு இல்லாமலே காது டாக்டரிடம் அழைத்துப் போய் நிறுத்தினார். லேடி டாக்டர், மேஜர். ஸ்கேனைப் பார்த்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். தாமதிக்கவே கூடாது என்றார். ஆனால் ஆபரேஷன் லிஸ்டில் பேர் ஏற்ற கார்டு நம்பர் வேண்டும். அவசரக் கேஸ் என்றால் எதையும் கேட்காமல் அனுமதிக்கலாம், இன்றைக்கு இவள் நடந்து வந்திருக்கிறாள், சிரிக்கிறாள், அவசரம் என்று எப்படி எழுதுவேன் என்றார். அந்தம்மா கையாலாகாமல் சொன்னதா, சட்டம் பேசியதா, எனக்குப் புரியவில்லை. என் பிள்ளை சிரித்ததுதான் குற்றம்.

வாசலில் நின்று அக்காவுக்குப் போன் போட்டேன். எடுப்பதற்குள் நானே வைத்துவிட்டேன். பொங்கல் கழித்துத்தான் தர்மாஸ்பத்திரித் தேதி இருக்கிறதே.

ஜனவரி 5, ஞாயிறு

இன்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, குளித்து, சாமி கும்பிட்டுவிட்டுப் போன் பக்கத்தில் உட்கார்ந்தேன். சரியாகக் கூப்பிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், "சுகந்தி, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார். நானும் ஒன்று சொல்ல வேண்டும் என்றேன். நீ சொல்லு என்றார். நீங்க சொல்லுங்க என்றேன். புதுக் கல்யாண ஜோடி மாதிரி மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தோம். கடைசியில் அவர், மார்ச்சில் லீவு கிடைக்கும் போல இருக்கிறது, அதைத்தான் சொல்ல வந்தேன் என்றார். நான், பொங்கலுக்குப் பாப்பாவுக்குப் பாவாடை சட்டை எடுத்திருக்கிறேன் என்றேன்.

பச்சை நிறம், மஞ்சள் பார்டர். எடுக்கவே இல்லை. நாளைக்குப் போய் எடுக்க வேண்டும்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல் பொங்கவில்லை. காலையில் கோலம் போட்டுவிட்டு அவளை எழுப்பப் போனேன். நெருப்பாகக் கொதித்தது உடம்பு. எழுந்து உட்கார்ந்ததும் வாந்தி. நிற்க வைத்தால் ஒரு பக்கமாகச் சாய்கிறாள். என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தாள், வாய் ஒரு பக்கம்தான் போயிற்று.

மாமா தெருவில் ஓடினார். எழுபது வயதில் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. முனை வீட்டு டிரைவர் படையலை விட்டுவிட்டுக் காரை எடுத்தார்.

கன்டோன்மென்ட் ஆஸ்பத்திரி வாசலில் கார்டை நீட்டினேன். யாரும் பார்க்கவில்லை. ஸ்ட்ரெச்சரில் போட்டு ஓடினார்கள். சசிதரன் வீட்டிலிருந்து லுங்கியோடு வந்து நின்றார். எந்தக் காகிதத்தில் கையெழுத்து வேண்டும் என்று கேட்டேன். "எமர்ஜென்சிக்கு ஒண்ணும் வேண்டாம் சிஸ்டர்" என்றார்.

ஒன்றும் வேண்டாமாம்.

ஜனவரி 15, புதன்

பிழைத்துக்கொண்டாள். மேஜர் அம்மா வெளியே வந்து, முகக்கவசத்தை இறக்கிவிட்டு, முதலில் அதைத்தான் சொன்னார். சீழ் மூளை உறை வரை போயிருந்ததாம், சுத்தம் செய்தாகிவிட்டது. வாய்க்கோணல் நாளாவட்டத்தில் சரியாகும். வலது காது உள்நரம்பு வரை போய்விட்டது. அது இனி கேட்காது.

இரண்டு மாதம் முன்னால் வந்திருந்தால் என்று கேட்டேன். அவர் என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

அக்கா வந்திருக்கிறாள். ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஜனவரி 16, வியாழன்

சசிதரன் சொன்னார்: படைவீரர் குடும்பத்தில் யாரை அட்மிட் செய்தாலும் யூனிட்டுக்குத் தகவல் போயே ஆகும், நேற்றே போய்விட்டது. சரி என்றேன். இனி எதை மறைத்து என்ன?

மத்தியானம் அவர் கூப்பிட்டார். இந்தத் தடவை நல்லா இருக்கீங்களா என்று கேட்கவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன், கேவிக் கேவி, முன்னும் பின்னுமாக. முழுக்கக் கேட்டார். பிறகு சொன்னார்.

"நான் மலையில இல்ல சுகந்தி. நவம்பர் கடைசியிலயே எறக்கிட்டாங்க. பனி கடிச்சிடுச்சு. எடது கால்ல ரெண்டு வெரல எடுத்துட்டாங்க. அப்பலேர்ந்து ஆஸ்பத்திரியிலதான் கீறேன். நீ பயந்துடுவேன்னு சொல்லல."

அவரே தொடர்ந்தார்.

"செய்யறதுக்கு ஒரு வேலை இல்லாம படுத்துகினு இருந்தேன். அப்ளிகேஷன் வாங்குற ஆபீஸ் இதே கட்டடத்துலதான் கீது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நொண்டிகினே போய் எழுதிக் குடுத்துருக்க மாட்டேனா?"

அப்பாவுக்குத் தெரியும், அவரிடம் டிசம்பரிலேயே சொன்னேன், உன்னிடம் சொல்லக் கூடாதென்று சத்தியம் வாங்கிக்கொண்டேன் என்றார்.

போனை வைத்துவிட்டு வராந்தாவுக்கு வந்தேன். மாமா பெஞ்சில் முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மொட்டைத் தலையில் முடி வெள்ளையாக முளைக்கத் தொடங்கியிருந்தது. என் முகத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றார், மேலதிகாரி முன்னால் நிற்பது போல.

வாயில் வந்ததெல்லாம் பேச வேண்டும் என்றுதான் போனேன். ரெண்டு பக்கமும் தெரிந்துகொண்டு நடுவில் கல்லாட்டம் உட்கார்ந்திருந்தீரே, நீர் மனுஷனா என்று கேட்க வேண்டும் என்றுதான். ஆனால் பாப்பா தலை மேல் அவர் கையை வைக்கச் சொன்னவள் நான்தானே.

"அவனும் வாங்கிகினான், நீயும் வாங்கிகின. நான் இன்னாம்மா பண்ணட்டும்" என்றார்.

இருவரும் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தோம். அக்கா டீ வாங்கி வந்து கொடுத்தாள்.

ஜனவரி 23, வியாழன்

அவர் வந்துவிட்டார். கைத்தடியோடு, இளைத்து, கறுத்து. தாரணிகா கட்டுப்போட்ட தலையோடு கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்தாள். அவர் நொண்டிக்கொண்டே போய் அவளைப் பிடித்துக்கொண்டார். அப்பாவும் பிள்ளையும் ஒருவர் கட்டை ஒருவர் தொட்டுப் பார்த்து வலிக்கிறதா என்று கேட்டுக்கொண்டார்கள். இரண்டு பேரும் இல்லை என்றார்கள்.

கார்டு ஜன்னலுக்குப் போய், யூனிட்டுக்கு அனுப்ப வேண்டிய அப்ளிகேஷனை அவர் எழுதிக் கொடுத்தார். காப்பி ஆற்றிக் குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

பிப்ரவரி 3, திங்கள்

வீட்டுக்கு வந்துவிட்டோம். நானும் அவரும் இன்னும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. கோபம் என்றும் சொல்ல முடியாது. அவர் கொத்தனாரைக் கூட்டி வந்து கழிப்பறைப் படியை இடித்துத் தாழ்வாகக் கட்டுகிறார். நான் சாந்து வாரிக் கொடுத்தேன்.

பிப்ரவரி 20, வியாழன்

இன்று காது கேட்கும் திறனைச் சோதிக்கிற நாள். அவரும் நானும் அழைத்துப் போனோம். கண்ணாடி வைத்த சின்ன அறை. தாரணிகாவை உள்ளே உட்கார வைத்து, காதுக்கு ஹெட்போன் மாட்டினார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்க வேண்டும். நாங்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், மிஷின் பார்க்கிற பெண்ணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தோம். தாரணிகாவுக்கு எங்கள் முகம் தெரியும்.

முதலில் இடது காது. சத்தம் வர வரக் கையைத் தூக்கினாள். ஒன்றுகூட விடவில்லை. அந்தக் காது நன்றாக இருக்கிறது என்று அந்தப் பெண் சொன்னாள். அவர் என் கையைப் பிடித்தார், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முதல் தடவையாக.

பிறகு வலது காது. அந்தப் பெண் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனாள். தாரணிகா அசையவில்லை. கண்ணாடி வழியாக எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையைத் தூக்கினாள்.

அவர் சட்டென்று நிமிர்ந்தார். கேட்கிறதா என்று எழுந்தே விட்டார். எனக்கும் ஒரு கணம் உயிர் வந்த மாதிரி இருந்தது. தாரணிகா மறுபடியும் கையைத் தூக்கினாள், மறுபடியும், சிரித்துக்கொண்டே. வாய்க்கோணல் இப்போது பாதி சரியாகிவிட்டது.

மிஷின் பார்க்கிற பெண் எங்கள் பக்கம் திரும்பி, மெதுவாகச் சொன்னாள், தான் வலது பக்கச் சத்தத்தை நிறுத்தி ரொம்ப நேரம் ஆகிறதென்று.

நான் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய், அவள் முன்னால் மண்டியிட்டு, ஹெட்போனைக் கழற்றினேன். எப்போதிலிருந்து அந்தக் காது கேட்கவில்லை என்று கேட்டேன். அவர் எனக்குப் பின்னால் வந்து நின்றார். அவரைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது.

"நல்லா கேக்குதும்மா" என்றாள். பிறகு என் காதோரம் குனிந்து, அவருக்குக் கேட்காமல் சொன்னாள். "தீபாவளிலேர்ந்தே கேக்கல. அப்பாகிட்ட சொல்லாதம்மா."